விதோல்ட்டின் ஐம்பத்தேழு புகார்கள்

திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே விதோல்ட் எழுந்துவிடுவான். ஏழாம் வரிசைக் கடைசி நாற்காலி அவனுடையது. நீளமான கால்களை நடைவழியில் நீட்டிக்கொள்ளத் தோதான இடம். மற்றவர்கள் கழற்றிக் கொடுத்த குளிர்கோட்டை வாங்கக் கோட்டு அறைக்கு முண்டியடித்து ஓடுவார்கள். அவன் மட்டும் எதிர்ப்பக்கம், டிக்கெட் ஜன்னலை ஒட்டிக் கயிற்றில் தொங்கும் புத்தகத்தை நோக்கிப் போவான். தேதி போடுவான். தேதிக்குக் கீழே கோடு கிழிப்பான். பிறகு தலையைக் குனிந்து எழுத ஆரம்பிப்பான்.

கோட்டு அறைத் தட்டிக்குப் பின்னால் நின்று எண் போட்ட வில்லையை வாங்கி, கோட்டைக் கொடுத்து, வில்லையை வாங்கி, கோட்டைக் கொடுத்து, அதற்கு நடுவே அக்கா பெலாகியா தம்பியின் முதுகைப் பார்ப்பாள். முதுகு நிமிர்ந்திருந்தால் படம் சுமார். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தால் படம் மோசம். பதினெட்டு வருஷமாக இருநூறு கோட்டுகளை ஒருநாள்கூட மாற்றிக் கொடுக்காதவள். தம்பியின் முதுகையும் தவறாகப் படித்ததில்லை.

புத்தகம் ஒன்றும் அதிசயமானது அல்ல. ஓல்கோவ் ஊரில் ரொட்டிக்கடை, முடிவெட்டும் கடை, ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலை எல்லாவற்றிலும் அப்படி ஒன்று தொங்கும். ‘விருப்பங்கள், புகார்கள்’ என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். யார் எழுதினாலும் நிர்வாகம் பதினான்கு நாளுக்குள் தபாலில் பதில் அனுப்பியாக வேண்டும், அது சட்டம். ‘விடிவெள்ளி’ திரையரங்கின் புத்தகத்தில் முன்பெல்லாம் வருஷத்துக்கு மூன்று நான்கு பேர் எழுதுவார்கள். கணப்பு சூடாகவில்லை, நாற்காலிக் கம்பி குத்துகிறது, முன்னால் இருந்தவர் தொப்பியைக் கழற்றவில்லை. விதோல்ட் கணப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியதில்லை. குளிர்கூட அவனுக்குப் படுவதில்லை போலிருக்கிறது. அவன் எழுதுவதெல்லாம் படத்தைப் பற்றி.

“கதாநாயகன் பதினொரு வருஷம் கழித்து வீடு திரும்புகிறான். தாடி, நொண்டல், வேறு குரல். நாய் உடனே அடையாளம் கண்டுகொள்கிறது, சரி. மனைவியும் உடனே கண்டுகொள்கிறாள். பதினொரு வருஷம்! மேஜையில் வைத்த தேநீர் ஆறும்வரையாவது அவளுக்குச் சந்தேகப்பட நேரம் கொடுத்திருக்கலாம்.”

“சுவரொட்டியில் பனிச்சரிவு காட்டினீர்கள். படத்திலும் பனி சரிந்தது. ஆனால் நமக்கு அறிமுகமே ஆகாத ஆட்கள் மேல் விழுந்தது.”

“கல்யாணத்தோடு படத்தை முடித்துவிட்டார்கள். அந்தக் கல்யாணத்துக்காகக் குதிரையை விற்ற அண்ணன் சாப்பிட்டானா என்று யாரும் கேட்கவில்லை.”

கூட்டம் போனபின் பெலாகியா தட்டியைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, விரலை வரிக்குக் கீழே வைத்து இவற்றைப் படிப்பாள். ஏழாம் வகுப்போடு நின்றவள். தம்பியைத் தொழிற்பள்ளி வரை படிக்கவைத்தது அவள்தான். அவன் எழுத்தில் ஓர் அடித்தல் இருக்காது, ஒரு திருத்தல் இருக்காது. குதிரையை விற்ற அண்ணனைப் படித்த அன்று மட்டும் அவள் வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தடவை மூக்கைச் சிந்தினாள். பனி என்று சொல்லிக்கொண்டாள்.

விதோல்ட்டுக்கு வயது நாற்பத்தெட்டு. ரயில் நிலையத்தில் பார்சல் எடை போடும் வேலை. வார்சாவிலிருந்து செவ்வாய்க்கிழமை காலை வரும் வண்டியில் படச்சுருள் பெட்டிகள் வரும். எட்டுப்பட்டைத் தகரப் பெட்டிகள். அவற்றை எடை போட்டு, சீட்டு ஒட்டி, கைவண்டியில் தள்ளிக்கொண்டுபோய்த் திரையரங்கில் சேர்ப்பதும் அவன்தான். ஊரில் மற்றவர்களுக்குப் படம் புதன்கிழமை ஐந்து மணிக்குத் தொடங்கும். அவனுக்குத் தராசிலேயே தொடங்கிவிடும்.

“இருபத்தொம்பது கிலோ அக்கா, இந்த வாரம்,” என்பான், செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டில்.

“இருந்துட்டுப் போகட்டும். சூப்பைக் குடி, ஆறுது.”

“போன வாரம் இருபத்தஞ்சுதான். இவ்வளவு கனம் இருக்குன்னா உள்ள ஏதாவது இருக்கத்தானே வேணும்?”

“தகரம் இருக்கும்.”

அவன் சிரிக்கமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு பீட்ரூட் சூப்பைக் குடிப்பான். நாளைக்கு இந்நேரம் என்று மனதுக்குள் ஓடுவது அவன் முகத்தில் தெரியும். படத்துக்கு முன்னால் போடும் செய்திச்சுருளை அவன் பார்ப்பதில்லை. அப்போதும் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். கேட்டால், “பசியோட போறப்ப வழியில எதையாவது கொறிப்பாங்களா?” என்பான்.

நாவல்களிடமும் இதே பாடுதான். நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகத்தை முதலில் பார்சல் தராசில் வைப்பான். இரண்டு பாகமாக வந்த ஒரு நாவலுக்காகப் பெயர் கொடுத்து எட்டு மாதம் காத்திருந்தான். ஒரு கிலோ முந்நூற்று நாற்பது கிராம். கதாநாயகிக்கு முதல் அத்தியாயத்தில் ஒரு கடிதம் வருகிறது, பிரிக்காமல் வைத்திருக்கிறாள். போர் வருகிறது, வீடு இடிகிறது, பிள்ளைகள் வளர்கிறார்கள். கடிதம் அப்படியே அவள் மடிப்பையில் இருக்கிறது. படித்து முடித்த ஞாயிற்றுக்கிழமை விதோல்ட் சமையலறை வாசலில் வந்து நின்றான். யாரோ செத்துப்போன முகம்.

“அடுப்புல போட்டுட்டாக்கா. பிரிக்காமலே.”

“எதைடா?”

“அந்தக் கடுதாசியை. எண்ணூறு பக்கம் வச்சிருந்துட்டு.”

பெலாகியா கசகசா ரொட்டிக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தாள். “அவளுக்கு வந்த கடுதாசி. அவ இஷ்டம். படிக்கப் பிடிக்கலை போல.”

“அவளுக்குப் பிடிக்காம இருக்கட்டும். நான் எட்டு மாசம் காத்துக் கிடந்தவன். எனக்காவது ஒருதடவை காட்டியிருக்கலாம்ல?”

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே ஒரு துண்டுக் காகிதம் வைப்பான். ‘எழுதியவருக்கு இந்த இடத்தில் களைப்பு வந்துவிட்டது’ என்று எழுதி, அந்தப் பக்கத்தில் செருகியிருப்பான். நூலகத்திலும் புகார்ப் புத்தகம் தொங்குகிறது. அதில் ஒரே ஒருமுறை எழுதினான். ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ என்று பதில் வந்தது. “மூணே வார்த்தைக்கா. அதையும் அச்சடிச்சு வச்சிருக்காங்க,” என்றான். அதோடு விட்டுவிட்டான்.

ஒருநாள் பெலாகியா பொறுக்க மாட்டாமல் கேட்டாள். “ஒண்ணாவது நல்லா இருந்துச்சுன்னு சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் எதுக்குடா வாராவாரம் போய் உக்காந்துக்கிற?”

“எல்லாத்துலயும் ஒரு நிமிஷம் இருக்குக்கா. மோசமான படத்துலகூட. அந்த நிமிஷத்துல ஒரு கதவு திறக்குறாப்ல இருக்கும். உள்ள வெளிச்சம் தெரியும். சரி, இப்ப நம்மளை உள்ள கூட்டிட்டுப் போகப் போறாங்கன்னு எழுந்து உக்காருவேன். எவனாவது வந்து சாத்திட்டுப் போயிடுவான்.” கையை விரித்தான். “உள்ள என்ன இருந்துச்சுன்னு அப்புறம் நான் யார்கிட்டக் கேக்குறது?”

யாரிடம் கேட்பது என்பதற்குத்தான் ஒரு வருஷத்துக்கு மேலாக ஒரு வழி கிடைத்திருந்தது.

‘விடிவெள்ளி’யின் நிர்வாகி இர்மினா வால்ச்சாக். ஐம்பதை எட்டிய விதவை. மாவட்டத் தலைநகரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கழுத்தில் கயிறு கோத்த மூக்குக் கண்ணாடி. எல்லாக் காட்சிகளையும் பின்கதவை ஒட்டி நின்றபடியே பார்ப்பார். நிர்வாகி உட்கார்ந்துவிட்டால் கணப்பை யார் பார்ப்பது என்பார். விதோல்ட்டின் முதல் புகாரைப் படித்த அவர் அச்சடித்த நன்றியை அனுப்பவில்லை. மாடி அறையில் தட்டச்சுப் பொறி முன்னால் உட்கார்ந்தார்.

“மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டது. மனைவி விஷயத்தில் நிர்வாகம் தங்களோடு உடன்படுகிறது. நாய் விஷயத்தில் நிர்வாகத்துக்கு ஆட்சேபம் இல்லை.”

விதோல்ட் அதைத் தபால்காரர் முன்னாலேயே மூன்று முறை படித்தான். அதிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக, இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் பதில்கள் வந்தன. பனிச்சரிவுக்கு: “அறிமுகமாகாதவர்களுக்காக வருந்த நிர்வாகமும் முயன்றது, இயலவில்லை.” குதிரையை விற்ற அண்ணனுக்கு: “அவரைப் பற்றி நிர்வாகமும் பாதிப் படத்திலிருந்தே கவலைப்பட்டது. கூட்டம் கலைந்தபின் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டிருப்பார் என்று நம்ப விரும்புகிறது.” ஒவ்வொன்றின் கீழும் முத்திரை, கையெழுத்து. விதோல்ட் ஓரத்தில் துளையிட்டு, பழைய ரயில் கால அட்டவணையின் அட்டைக்குள் வரிசையாகக் கோத்து வைத்தான்.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டால் கதை வேறு. செவ்வாய்க்கிழமை பெட்டிகளை இறக்கும்போது கோட்டு அறையில் துடைத்துக்கொண்டிருக்கும் பெலாகியாவின் காதில் விழுவதெல்லாம் இவ்வளவுதான்:

“ரெண்டு பெட்டி.”

“ரெண்டு.”

“இருபத்தெட்டு கிலோ.”

“சரிங்க. எங்க கையெழுத்து போடணும்?”

“இங்க. வெளிய பனி கொட்டுது.”

“ஆமா. கொட்டுது.”

பிறகு அவர் மாடிப்படி ஏறிப் போவார். இவன் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவான்.

“ஏண்டா, காகிதத்துல அவ்வளவு வாய் பேசுற, ஆள் முன்னால வந்தா நாக்கு எங்கடா போகுது? கோட்டோட சேத்து என்கிட்ட குடுத்துட்டுப் போறியா? வில்லை வேணுமா?”

“பனி கொட்டுதுன்னு சொன்னேனே.”

“அவங்க ரூமுலயும் ஜன்னல் இருக்குடா!”

பிப்ரவரி நடுவில் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் பாவ்லிக் வந்தார். ரோமக் கழுத்துப் பட்டை வைத்த கனமான கோட்டு. பெலாகியா அதை முதல் கொக்கியில் மாட்டினாள். கணப்பு ஒழுங்காகச் சூடாகும் ஒரே இடம் கோட்டு அறை வாசல் என்பதால் ஆய்வாளர் அங்கேயே முக்காலி போட்டு உட்கார்ந்தார். புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் குறி போடும் கட்டங்களை அளவுகோல் வைத்து எண்ணினார். இர்மினா பக்கத்தில் நின்றார்.

“பதிமூணு மாசத்துல ஐம்பத்தேழு புகார். எல்லாம் ஒரே ஆள்,” என்றார் ஆய்வாளர். “மாவட்டத்துல பதினாறு தியேட்டர் இருக்கும்மா. மத்த பதினஞ்சையும் கூட்டினாலும் இருபத்தொண்ணு. நீங்க என்னதான் நடத்துறீங்க இங்க?”

“அதெல்லாம் படத்தைப் பத்தி சார். ஒண்ணே ஒண்ணு படிச்சுப் பாருங்க.”

“படிக்கிறது என் வேலை இல்லை. எந்தக் கட்டத்துல குறி இருக்குன்னு பாக்குறதுதான் என் வேலை. விருப்பம்னு ஒரு கட்டம், புகார்னு ஒரு கட்டம். எல்லாம் புகார்லதான் கிடக்கு. ஒரு நல்ல வார்த்தை உண்டா? ஒண்ணு?”

இர்மினா கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் துடைத்தார்.

“ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். அதுக்குள்ள யாராவது நாலு நல்ல வார்த்தை எழுதியிருக்கணும். இல்லேன்னா உங்களை கோம்பின் சுவரொட்டிக் கிடங்குக்கு மாத்தச் சொல்லித்தான் நான் எழுதணும். வேற வழியில்லை. அங்க புத்தகமும் கிடையாது, எழுதுறதுக்கு ஆளும் கிடையாது.”

ஈரத்துணியைப் பிடித்திருந்த பெலாகியாவின் கை நின்றுவிட்டது. விதோல்ட் முதன்முதலாக எழுத வந்த அன்று பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டது ஞாபகம் வந்தது: “அக்கா, ரெண்டு கட்டம் இருக்கு. எதுல குறி போட?” பாரங்களைப் பூர்த்தி செய்வதில் அவள் கெட்டிக்காரி என்று வீட்டில் பெயர். கோட்டுகளை அடுக்கிக்கொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “குறை சொன்னா புகார்தானே? அதுல போடு.”

ஆய்வாளர் போனபின் இர்மினா புத்தகத்தைப் பழையபடி கயிற்றில் மாட்டினார். “உங்க தம்பிகிட்ட இதெல்லாம் சொல்ல வேண்டாம், பெலாகியா,” என்றார். “எழுதுறவங்களை நிறுத்தச் சொல்றது முறையில்லை.”

பெலாகியா அன்று மாலையே சொன்னாள்.

விதோல்ட் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டான். முழுவதும் கேட்டு முடித்தபின், “கோம்பின் எவ்வளவு தூரம்?” என்றான். அவனுக்குத் தெரியாத தூரமா! நூற்றுப்பத்து கிலோமீட்டர், இரண்டு வண்டி மாற வேண்டும். பார்சல் அலுவலகத்தில் அந்த ஊர்ச் சீட்டைத் தினமும் ஒட்டுகிறவன் அவன்.

“தூரத்தை விடு. வர்ற புதன்கிழமை போய் ‘படம் பிரமாதம்’னு ரெண்டு வரி எழுது. அடுத்த வாரமும் எழுது. கை தேஞ்சா போயிடும்?”

“பிரமாதமா இல்லேன்னா?”

“அடேய், இல்லேன்னாலும்தான்! ஊரே பொய் சொல்லுது. நம்ம ரொட்டிக்கடைப் புத்தகத்தைப் பாரு, அவன் மச்சான் எழுதியிருக்கான், ரொட்டி தேவாமிர்தம்னு. கல்லு மாதிரி இருக்கு.”

“ரொட்டி வேறக்கா.”

“என்ன வேற?”

“நான் பொய் எழுதினா அவங்களுக்குத் தெரிஞ்சுடும். முதல் வரியிலேயே தெரிஞ்சுடும்.” அவன் குரல் இறங்கியது. “தெரிஞ்ச அப்புறம் என்ன பதில் எழுதுவாங்க? ‘தங்கள் கருத்துக்கு நன்றி’ன்னுதானே எழுத முடியும்? அவங்க இங்கேயே இருப்பாங்க. நானும் இங்கேயே இருப்பேன். ஆனா...”

பெலாகியா அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சூப்பை ஊற்றினாள். அவன் குடிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைப் படம் ஒரு சுரங்க ஊர் ஊதுகுழல் குழுவைப் பற்றியது. விதோல்ட் வெளியே வந்தபோது தோள்கள் இரண்டும் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. நேராகக் கோட்டு அறைக்கு வந்தான். பதிமூன்று மாதத்தில் முதல்முறையாக மற்றவர்களோடு வரிசையில் நின்று வில்லையை நீட்டினான்.

“எழுதலையா?”

“கோட்டைக் குடுக்கா.”

எழுதாவிட்டால் எண்ணிக்கை ஏறாது என்று அவன் கண்டுபிடித்திருந்த வழி அது. கோட்டை மாட்டிக்கொள்ளும்போது வலது கை விரல்கள் தாமாகப் பென்சில் பிடிப்பதுபோல் குவிந்தன. வெளியே போய்விட்டான்.

கூட்டம் கலைந்ததும் இர்மினா படியிறங்கி வந்தார். புத்தகத்தைத் திறந்தார். போன வாரத்துப் பக்கம். அடுத்த பக்கத்தைத் திருப்பினார், வெள்ளை. அதற்கடுத்ததையும் திருப்பிப் பார்த்தார். பிறகு கோட்டு அறைக்கு வந்து, தட்டியில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டு கேட்டார்.

“தம்பிக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கான் மேனேஜரம்மா.”

“அப்போ... படம் பிடிச்சிருந்துச்சோ?”

அதைக் கேட்டபோது அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி அல்ல. பெலாகியாவுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது. “தெரியலீங்க,” என்றாள்.

“அந்தக் குழல் வாசிக்கிறவன் கடைசியில ஏன் திரும்பி வந்தான்னு எனக்குப் புரியவே இல்லை,” என்றார் இர்மினா, தட்டியிடம் பேசுவதுபோல. “யாராவது எழுதுவாங்கன்னு பார்த்தேன்.” விளக்கை அணைத்துவிட்டு மேலே போனார். அன்று மாடியில் தட்டச்சுச் சத்தம் கேட்கவில்லை.

பெலாகியா வீட்டுக்கு வந்து இதையும் சொன்னாள். விதோல்ட் ஜன்னல் ஓரத்தில் நின்றிருந்தான். “அவங்களுக்கும் புரியலையா?” என்றான். “நானும் அதைத்தான்க்கா...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, அந்த இரண்டரை அடி அகல ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்க ஆரம்பித்தான். அடுத்த ஏழு நாளும் அவன் பேச்சு பார்சல் சீட்டு அளவுக்குத்தான் இருந்தது.

அடுத்த செவ்வாயில் வந்த பெட்டிகள் முப்பத்தொரு கிலோ. அந்தக் குளிர்காலத்திலேயே அதிகம். ஒரு கலங்கரை விளக்கக்காரன், அவன் மகள். புதன்கிழமை ஐந்து மணிக் காட்சி தொடங்கியபின் ஆய்வாளர் பாவ்லிக் வந்து, கோட்டைக் கொடுத்து வில்லை வாங்கி, முக்காலியில் உட்கார்ந்தார். ஏழு இருபத்தைந்துக்கு அவருக்கு ரயில். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஏழுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது கதவுகள் திறந்தன. பெலாகியா முதுகைத் தேடினாள். தோள்கள் காதில். எழுதாமல் போகப்போகிறானா, பொய் எழுதப்போகிறானா? அவன் புத்தகத்தின் முன்னால் நின்றான். கயிற்றில் தொங்கியது, நனைத்தால் ஊதா நிறத்தில் எழுதும் பென்சில். அதை நாக்கில் தொட்டான். தேதி போட்டான். கோடு கிழித்தான். எழுத ஆரம்பித்தான்.

ஒரு பக்கம் முடிந்தது. திருப்பினான். கோட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இரண்டாம் பக்கம். நடுநடுவே பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு அவன் கீழுதடு முழுவதும் ஊதாவாகிவிட்டது. ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்தார்.

“என் கோட்டைக் குடுங்கம்மா.”

“வில்லை சார்?”

அவர் சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார். “எங்கயோ போட்டுட்டேன். அதோ தொங்குதே, முதல் கொக்கி.”

“வில்லை இல்லாமக் குடுக்கக் கூடாதுங்களே சார்.”

“ரோமப் பட்டை வச்சது அது ஒண்ணுதானேம்மா!”

“இருக்கலாம் சார். யார் கோட்டுன்னு பாக்குறது என் வேலை இல்லை. வில்லையைப் பாக்குறதுதான் என் வேலை.”

ஆய்வாளர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு முக்காலிக்கு அடியில் குனிந்து தேடத் தொடங்கினார். அவர் வில்லையைக் கண்டெடுத்துக் கொடுத்து, கோட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது விதோல்ட் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பின்கதவிலிருந்து இர்மினாவும் வந்திருந்தார்.

ஆய்வாளர் வழக்கப்படி ஓரக் கட்டத்தைத்தான் முதலில் பார்த்தார். குறி இருந்தது. ஆனால் எண்ண வேண்டிய கட்டத்தில் இல்லை. அதனால் வேறு வழியில்லாமல் படித்தார்; பாரங்களையே படித்துப் பழகியவர் என்பதால் வாய்விட்டுப் படித்தார்.

“‘விருப்பம். இந்தப் புத்தகத்தில் என் பெயரில் உள்ள ஐம்பத்தேழு பதிவுகளும் தவறான கட்டத்தில் குறிக்கப்பட்டுள்ளன. தவறு என்னுடையது.’”

பெலாகியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“‘கெட்டுப்போனதைச் சொன்னால் அது புகார். நான் சொன்னது கெட்டுப்போனதை அல்ல; வருமென்று காத்திருந்து, வராமல் போனதை. தேநீர் ஆறும்வரை மனைவிக்கு நேரம் வேண்டும் என்றது விருப்பம். குதிரையை விற்றவரைச் சாப்பிடச் சொல்ல வேண்டும் என்றது விருப்பம்...’” ஆய்வாளர் வேகமாகக் கண்ணை ஓட்டினார். ஐம்பத்தேழும் வரிசை பிசகாமல் இருந்தன. பக்கத்தைத் திருப்பினார். “‘போன வாரம் குழல் வாசிப்பவன் ஏன் திரும்பி வந்தான் என்று எனக்கும் புரியவில்லை. எழுதாமல் இருந்ததற்கு வருந்துகிறேன். இன்றைய படமும் நன்றாக இல்லை. நன்றாக இருந்தது என்று எழுதினால் நிர்வாகத்துக்கு நல்லது என்று அறிகிறேன், என்னால் முடியவில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தவை என்று என் வாழ்க்கையில் நான் படித்தவை, இந்தத் திரையரங்கு எனக்கு அனுப்பிய பதில்கள் மட்டுமே.’”

ஆய்வாளர் குரல் தானாகத் தணிந்தது. மீதி இரண்டு வரிகளை முதலில் மனதுக்குள் படித்துவிட்டு, படிக்கலாமா என்பதுபோல இர்மினாவைப் பார்த்தார். பிறகு படித்தார்.

“‘ஐம்பத்தெட்டாவது விருப்பம். நிர்வாகி அவர்கள் ஒரு புதன்கிழமையாவது கதவருகே நிற்காமல், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும்.’”

கணப்பு சடசடத்தது. விதோல்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஐம்பத்தேழு விருப்பம்,” என்று ஆய்வாளர் பிடரியைச் சொறிந்தார். “இதுக்குப் பாரத்துல வரிசையே கிடையாதே. புகார்ல சேக்க முடியாது. நான் முடிவு பண்ணவும் முடியாது. புத்தகத்தை மாவட்டத்துக்கு எடுத்துட்டுப் போறேன். அங்க என்ன சொல்றாங்களோ.”

“விருப்பத்துக்கும் பதினாலு நாள்ல பதில் போகணும்ல சார்?” என்றாள் பெலாகியா.

“போகணும். ஆனா முடிவு வர்ற வரைக்கும் இவங்க கையெழுத்துல எந்தத் தபாலும் வெளிய போகக் கூடாது. ஜூன் ஆகலாம். மேலயும் ஆகலாம்.” அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். இறுகிப்போன முடிச்சு. “அப்போ நீங்க இங்க இருப்பீங்களோ, கோம்பின்ல இருப்பீங்களோ, எனக்குத் தெரியாதும்மா.”

இர்மினா மாடிப்படியைப் பார்த்தார். மேலே தட்டச்சுப் பொறி, முத்திரை, உறைகள் எல்லாம் இருந்தன.

“முடிச்சு அவிழுற வரைக்கும் புத்தகம் இங்கதானே சார் இருக்கு?” என்றார்.

ஆய்வாளரின் விரல்கள் நின்றன. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, பெலாகியாவுக்கு ஆச்சரியமாக, முதுகைத் திருப்பிக்கொண்டு கோட்டின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாக, மெதுவாகப் போட ஆரம்பித்தார்.

இர்மினா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினார். விதோல்ட்டின் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். அதன் நுனியை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தார். பிறகு அதைத் தன் நாக்கில் தொட்டு நனைத்தார்.